செய்தவரைத் தேடி வராத வினை

1986 ஏப்ரல் 28, திங்கட்கிழமை காலை. சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஓர் ஊழியர் கதிரியக்கச் சோதனைக் கருவியைத் தாண்டி நடந்தார், மணி அலறியது. தங்கள் நிலையத்தில்தான் எங்கோ கசிவு என்று பயந்து மூலைமுடுக்கெல்லாம் துருவினார்கள். கடைசியில் அகப்பட்டது அவருடைய ஷூ. அதில் ஒட்டியிருந்த தூசி அந்த நிலையத்துக்குச் சொந்தமானதே அல்ல. காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கணக்குப் போட்டார்கள். அது சோவியத் எல்லையைக் காட்டியது. அன்றிரவுதான் மாஸ்கோ வாய் திறந்தது. செர்னோபில் உலை வெடித்து அப்போது இரண்டு நாளுக்கு மேலாகியிருந்தது. 1,100 கிலோமீட்டர் தள்ளி ஒரு ஷூ காட்டிக்கொடுத்த பிறகே வெளியுலகத்துக்கு விஷயம் தெரிந்தது.

ஐரோப்பாவுக்கு ஷூ தைத்து அனுப்பும் ஆம்பூரில் இந்தக் கதையைச் சொன்னால், செருப்பை வாசலிலேயே கழற்றச் சொல்லும் பாட்டிகள் ‘அதைத்தானே நாங்களும் சொல்கிறோம்’ என்பார்கள். கோயிலோ, பள்ளிவாசலோ, வீடோ, வெளியே மிதித்தது உள்ளே வரக்கூடாது. அணு நிலையத்திலும் அதே ஆசாரம்தான். தரையில் ஒரு கோடு இருக்கும். அதைத் தாண்டுமுன் காலுறை மாட்ட வேண்டும். திரும்பி வரும்போது கருவியின்மேல் ஏறி நின்று, இரண்டு கையையும் அதன் பொந்துகளுக்குள் நீட்ட வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் போகலாம். இல்லையென்றால் கழுவி விட்டு மறுபடி வர வேண்டும். கை, கால், முகம் கழுவி ஒளுச் செய்யாமல் தொழுகைக்கு நிற்க முடியாதது போலத்தான்.

தீட்டு என்பது பொருளில் இருக்கிறதா, பார்க்கிறவர் மனத்தில் இருக்கிறதா? கழுவினால் போகும் என்கிறார்கள். சரி, போய் எங்கே சேரும்? யார் தலையில் விடியும்? சமயங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவரும் கேள்விகள் இவை. பாலாற்றங்கரையில் இவை வெறும் வேதாந்த விசாரணையாக நிற்பதில்லை. குடிதண்ணீர்க் குடத்துக்குள்ளேயே வந்து விடுகின்றன.

கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறக்கும் பாலாறு 348 கிலோமீட்டர் ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. ஆண்டில் பெரும்பாலான நாள் மணல்தான். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை என்று தோல் பட்டணங்களை வரிசையாகத் தொட்டுக்கொண்டு கிழக்கே போய் வயலூரில் கடலில் சேர்கிறது. வயலூருக்குப் பக்கத்து ஊர் கல்பாக்கம். அங்கே சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகள் 1984இலும் 1986இலும் மின்சாரம் தரத் தொடங்கின. அந்த அணு வளாகத்துக்கான நல்ல தண்ணீரும் பாலாற்று மணலிலிருந்து இறைப்பதுதான். ஒரே ஆற்றின் நடுவயிற்றில் குரோமியம், வாயில் யுரேனியம். தீட்டைப் பற்றி யோசிக்க இதைவிடத் தோதான ஆறு தமிழ்நாட்டில் வேறில்லை.

முதலில் தோல். செத்த மிருகத்தின் தோல் அசுத்தம். ஆனால் பதனிட்டால் சுத்தமாகிவிடும் என்பது இஸ்லாமியச் சட்ட நூல்களில் ஊன்றிய விதி. ஹனஃபி, ஷாஃபி என்ற இரு சட்டப் பள்ளிகளும் (மத்ஹபுகள்) பன்றி போன்ற சில விலக்குகளோடு இதை ஏற்கின்றன. இறைத்தூதரின் வாக்கை ஆதாரமாகக் காட்டுவார்கள். தொழில் என்ற அளவில் இதற்குமேல் ஒரு கௌரவம் கிடையாது. தோல் பதனிடுபவர் வெறும் தொழிலாளி இல்லை; அசுத்தத்தைச் சுத்தமாக மாற்றுபவர். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தோல் ஷாப் நடத்தி வந்ததற்குப் பின்னால் வியாபாரக் கணக்கோடு இந்த மனத்தெளிவும் இருந்திருக்கும்.

பக்கத்திலேயே இன்னொரு பார்வையும் இருந்தது. தோலைத் தொட்டவன் தீட்டு. சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர், சதை வழித்தவர், ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டியில் தோலைப் புரட்டியவர், இவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். ஆவாரம் பட்டைக் காலத்துத் தொட்டித் தண்ணீரில் குரோமியம் இல்லை. நாற்றம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் மூக்குக்குப் பட்ட நாற்றத்தைச் சாதியாக மாற்றி மனிதர்மேல் ஏற்றி வைத்தது சமூகம். இந்த ஊரில் தீட்டு முகவரி மாறிப் போன முதல் இடம் அது.

இரண்டாவது தடவை 1970களில். பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு அரசு கட்டுப்பாடு போட, முழுத் தோலாகவும் ஷூவாகவும் விற்க வேண்டிய நிலை வந்தது. பட்டையில் வாரக்கணக்கில் ஊற வேண்டிய தோலை, குரோமிய உப்பும் டிரம்மும் ஒரே நாளில் பதனிட்டுத் தந்தன. டிரம்மிலிருந்து எடுக்கும்போது தோல் வெளிர்நீலமாக இருக்கும். ‘வெட் புளூ’ என்பார்கள். குரோமியத்தில் பெரும்பகுதியைத் தோல் பிடித்துக்கொள்ளும். மிச்சம் தண்ணீரோடு வெளியே போகும். தோல் சுத்தமாயிற்று, அசுத்தம் இடம் மாறிற்று. பழைய சட்ட நூல்கள் தோலைப் பற்றித்தான் கேட்டன. தொட்டியைக் கவிழ்த்த தண்ணீர் யாருடையது என்று கேட்கவில்லை. கேட்க அவசியமும் இருந்ததில்லை.

கேட்டது உச்ச நீதிமன்றம். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, தோல் பட்டணங்களைச் சுற்றி சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதோ பாழ் என்ற விவரங்களெல்லாம் அதில் உண்டு. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் இன்று ‘வேலூர் வழக்கு’ என்று மனப்பாடம் செய்வது இதைத்தான். கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும். கெடும் என்று முழுதாக நிரூபணமாகும்வரை காத்திருக்கக் கூடாது. இந்த இரண்டு விதிகளும் நாட்டின் சட்டத்தில் நிலைபெற்றது ஆம்பூர், வாணியம்பாடிக் கிணறுகளின் வழியாகத்தான்.

இனி உலைக்குள். கல்பாக்கம் உலையில் எரிபொருள் என்பது சுண்டுவிரல் நுனி அளவுள்ள கறுப்பு வில்லைகள். யுரேனிய ஆக்சைடைச் சுட்டுப் பீங்கான்போல் ஆக்கியவை. சிர்க்கோனியக் குழாய்களில் அவற்றை அடுக்கி, 19 குழாய்களை ஒரு கட்டாகக் கட்டி, தண்ணீருக்குள் செருகுகிறார்கள். யுரேனிய அணு பிளந்து இரண்டு துண்டாகும்போது வெப்பம் கிடைக்கிறது. நமக்கு வேண்டியது அந்த வெப்பம். பிளந்த துண்டுகள் நாம் கேட்காமல் கிடைப்பவை: அயோடின், சீசியம், ஸ்ட்ரான்சியம், செனான், கிரிப்டான், ருதேனியம் என்று ஒரு பெரிய குடும்பம். பிளவுப் பொருட்கள் என்பது இவைதான். எல்லாம் வில்லைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு கிடக்கின்றன. கிடந்தபடியே சிதைந்துகொண்டும் இருக்கின்றன. அதனால்தான் உலையை நிறுத்திய அந்த நொடியிலும் வெப்பம் நிற்பதில்லை. முழுத் திறனில் 6, 7 விழுக்காடு அப்படியே தொடர்கிறது, பிறகு மெல்ல மெல்லத் தணிகிறது. அடுப்பை அணைத்துவிட்டோம், சாம்பலே எரிந்துகொண்டிருக்கிறது. அந்தச் சாம்பலைக் குளிர்விக்கத் தண்ணீர் இல்லாமல் போவதுதான் பெரிய அணு உலை விபத்து.

அப்படிப் போனால் நடப்பதற்கு ஒரு வரிசை உண்டு. குழாய் சூடேறி, பலூன்போல் ஊதி, 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகு எங்காவது கிழிகிறது. கிழிந்தவுடன் வெளியே ஓடுவது செனானும் கிரிப்டானும். யாரோடும் ஒட்டாத வாயுக்கள். தண்ணீரோ வடிகட்டியோ எதுவும் அவற்றைப் பிடித்து வைக்காது. 1,200 டிகிரிக்கு மேல் சிர்க்கோனியமும் நீராவியும் வேகமாக வினைபுரிந்து மேலும் சூட்டையும் ஹைட்ரஜனையும் கக்குகின்றன. 2,000ஐத் தாண்டினால் அயோடினும் சீசியமும் வில்லையை விட்டுக் கிளம்பிவிடும். ஸ்ட்ரான்சியம் தயங்கும். புளுட்டோனியம் போன்றவை உருகினாலும் பெரும்பாலும் குழம்போடு குழம்பாகவே கிடக்கும். ருதேனியத்தின் குணம் வேறு: நீராவியில் சாது, காற்றுப் பட்டால் பறந்துவிடும். செர்னோபில்லில் உலையின் மூடி பெயர்ந்து காற்று உள்ளே பாய்ந்தது. ருதேனியமும் வெளியே போயிற்று.

பறந்தவை எல்லாம் ஊருக்குள் வந்துவிடும் என்பதில்லை. பெரும்பாலானோர் அறியாத பகுதி இதுதான். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டில் உலை மையத்தில் பாதி உருகியது. வெளியேறிய செனான் வகையறா, கதிரியக்க அளவில் குறைந்தது 24 லட்சம் க்யூரி. அயோடின்? 20 க்யூரிக்கும் குறைவு. ஒரே உலை, ஒரே விபத்து. இவ்வளவு வித்தியாசம் ஏன்? அங்கே தண்ணீர் மிச்சமிருந்தது. அயோடின் சீசியத்தோடு சேர்ந்து உப்பாகி, தண்ணீரில் கரைந்து, கட்டடத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. செர்னோபில்லில் பிடித்து வைக்கத் தண்ணீரும் இல்லை, மேலே மூடிய கான்கிரீட் கூடும் இல்லை. பத்து நாள் எரிந்த உலையிலிருந்து அயோடினில் பாதிக்கு மேலும் சீசியத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கும் வானத்துக்குப் போயின.

தண்ணீர் பிடித்ததையும் நம்பி உட்கார முடியாது. அந்தத் தண்ணீர் அமிலமாக மாறினால், கதிர்வீச்சு கரைந்த அயோடினை மறுபடி வாயுவாக்கிக் கிளப்பிவிடும். ஆகவே விபத்துக் காலத்தில் உலைக் கட்டடத்துத் தண்ணீரைக் காரத்தன்மையோடு வைத்திருப்பது ஓர் அடிப்படை ஏற்பாடு. பிரான்சின் கதராஷில் 1993 முதல் 2004 வரை உண்மையான எரிபொருளையே வேண்டுமென்று உருக்கி இதையெல்லாம் சோதித்தார்கள். ஃபெபுஸ் சோதனைகள் என்று பெயர். தோல் ஷாப்பில் தண்ணீரில் அமிலம் எவ்வளவு, காரம் எவ்வளவு என்று தாளை முக்கி நிறம் பார்க்கும் மேஸ்திரிக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. குரோமியம் தோலுக்குள் இறங்குவதும் தோலோடு பிடித்துக்கொள்வதும் அதே கணக்கில்தான் நடக்கின்றன.

இந்தியாவில் உலை மையம் உருகியதில்லை. 1993 மார்ச் 31 அன்று நரோராவில் டர்பைன் தகடு உடைந்து தீப்பிடித்து, நிலையம் 17 மணி நேரம் மின்சாரமின்றி இருந்தது. ஊழியர்கள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் ஏறி வால்வைத் திறந்தார்கள். 2004 சுனாமியில் கல்பாக்கத்தின் பம்பு அறைக்குள் கடல் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலையை நிறுத்திக் குளிர்வித்தார்கள். இரண்டு தடவையும் வில்லைக்குள் இருந்தது வில்லைக்குள்ளேயே இருந்தது.

இப்போது மறுபடி அந்தப் பழைய கேள்விக்கு வரலாம்: அசுத்தத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

நிறம், சுவை, வாடை. நிறைந்த நீரில் அசுத்தம் விழுந்தாலும் இந்த மூன்றில் ஒன்றும் மாறாதவரை அது சுத்தம்தான் என்பது இஸ்லாமியச் சட்டமான ஃபிக்ஹு நூல்களின் பொது அளவுகோல். எவ்வளவு நீர் நிறைநீர் என்பதில்தான் மத்ஹபுகளுக்குள் வழக்கு. நல்ல அளவுகோல்; ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் மனிதரைக் காப்பாற்றிய அளவுகோல். மூக்கையும் நாக்கையும் நம்பச் சொல்கிறது. பாமரருக்கும் பண்டிதருக்கும் ஒரே சட்டம். ராணிப்பேட்டையில்கூட இது ஓரளவு செல்லும். மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலையின் பின்னால் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்த குரோமியக் கழிவிலிருந்து கசிந்த தண்ணீர் மஞ்சளாகவே இருந்தது. பார்த்ததும் யாரும் வாய் வைக்க மாட்டார்கள். மஞ்சள் தெரியாத அளவுக்குக் கரைந்து பக்கத்துக் கிணற்றுக்குள் போன பிறகுதான் சிக்கல்.

சீசியத்துக்கும் அயோடினுக்கும் மஞ்சளும் இல்லை. நிறம், சுவை, வாடை மூன்று தேர்விலும் தேறிவிடும். அதற்குமேல் வேஷம் போடவும் தெரியும். அயோடின் நம் கழுத்திலுள்ள தைராய்டுக்கு வேண்டிய உணவு; கதிரியக்கம் உள்ளதா இல்லாததா என்று தைராய்டு பார்ப்பதில்லை, வாங்கி வைத்துக்கொள்ளும். சீசியம் பொட்டாசியம்போல் தசைக்குள் போகும். ஸ்ட்ரான்சியம் சுண்ணாம்புச் சத்துபோல் எலும்பில் குடியேறும். இதிலே கொடுமை, அயோடின் பயணம் செய்யும் வாகனம் பால். காற்றிலிருந்து புல், புல்லிலிருந்து பசு, பசுவிலிருந்து குழந்தை. எந்தப் பண்பாட்டிலும் தீட்டே இல்லாத பொருள் என்று ஒன்று உண்டென்றால் அது பால்தான். ஓர் ஆற்றுக்கே அந்தப் பெயரை வைத்திருக்கிறோம். 1957 அக்டோபரில் இங்கிலாந்தின் வின்ட்ஸ்கேல் உலை தீப்பிடித்தபோது சுமார் 500 சதுர கிலோமீட்டரில் கறந்த பாலைக் கீழே கொட்டினார்கள். செர்னோபில்லைச் சுற்றிப் பல ஊர்களில் கொட்டவில்லை. பெலாரஸ், உக்ரைன், ரஷ்யப் பகுதிகளில் அன்று குழந்தைகளாகவும் வளரிளம் பருவத்திலும் இருந்தவர்களுள் 2005க்குள் 6,000 பேருக்கு மேல் தைராய்டு புற்றுநோய் கண்டது. அதில் கணிசமான பங்குக்கு அந்தப் பாலே காரணம். போலந்து மட்டும் முந்திக்கொண்டு ஒரு கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு நல்ல அயோடினைக் கொடுத்தது. தைராய்டு முன்பே நிறைந்துவிட்டால் கெட்டதற்கு இடம் இருக்காது.

அயோடின்-131க்கு அரை ஆயுள், அதாவது பாதியாகச் சிதையும் காலம், 8 நாள். 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். சாவுத் தீட்டுக்குப் பத்து நாள், பதினாறு நாள் என்று கணக்கு வைத்த ஊருக்கு இந்தப் பேச்சு புரியாததில்லை: தீட்டு நாள்பட நாள்படத் தானே கழியும். ஆனால் சாவுத் தீட்டு பங்காளி உறவைப் பார்த்துப் பரவும். பக்கத்து வீட்டுக்காரரைத் தொடாமல் மும்பையிலிருக்கும் சித்தப்பா மகனைப் பிடிக்கும். கதிரியக்கத் தீட்டு காற்றையும் மழையையும் பார்த்துப் பரவும். 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா உலை விபத்தில் மக்களை வெளியேற்ற அரசு போட்ட வட்டம் 20 கிலோமீட்டர். காற்று வடமேற்கே திரும்பி, மழையும் பனியும் கொட்ட, பெரும்பகுதி முப்பது கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த ஈதாத்தே கிராமத்தின்மேல் சீசியம் இறங்கிவிட்டது. வட்டத்துக்குள் அந்தப் பெயரே இல்லை.

இந்த மாதிரி ஒரு பொருளை, கண்ணுக்குத் தெரியாத, ஒட்டிக்கொள்ளும், தவணை முடியும்வரை விடாத ஒன்றை, அணு விஞ்ஞானிகளுக்கு நெடுங்காலம் முன்பே யோசித்தவர்கள் வேலூர்ப் பக்கத்திலேயே இருந்தார்கள்.

காட்பாடியைத் தாண்டி வள்ளிமலை. வள்ளி திருமணத்துக்குப் பேர்போன முருகன் மலை என்றே இன்று எல்லோருக்கும் தெரியும். அதே மலையின் இயற்கைக் குகையில் பாறையில் வடித்த தீர்த்தங்கரர் உருவங்கள் இருக்கின்றன. ஒன்பதாம் நூற்றாண்டுக் கங்க மன்னன் இராசமல்லனின் கல்வெட்டும் இருக்கிறது. சமணர் தங்கிய மலை அது. மற்ற சமயங்கள் வினையை ஒரு நியதியாக, கடனாக, இறைவன் எழுதிய கணக்காகப் பேசின. சமணர் மட்டும் வினை என்பது ஒரு பொருள் என்றார்கள். உவமையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே பொருள். கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள். அது உயிருக்குள் வந்து சேர்வது ஊற்று. ஒட்டிக்கொள்வது கட்டு. மேலும் வராமல் அடைப்பது செறிப்பு. ஒட்டியதைக் கழிப்பது உதிர்ப்பு. தமிழ்ச் சமண நூல்களில் புழங்கும் சொற்கள் இவை. கதிரியக்கப் பாதுகாப்புப் பாடத்துக்கு அப்படியே தலைப்பு வைக்கலாம்.

இன்னும் நுட்பமாகப் போகிறார்கள். கட்டுண்ட வினைத்துகளைப் பற்றி நான்கு கேள்விகள் கேட்க வேண்டும் என்கிறது சமணரின் தத்துவார்த்த சூத்திரம். அதன் தன்மை என்ன? எவ்வளவு காலம் இருக்கும்? வீரியம் எவ்வளவு? அளவு எவ்வளவு? விபத்து நடந்த இடத்தில் அளவுமானியோடு இறங்குபவர் கேட்பதும் இதே நான்குதான்: எந்தத் தனிமம், அரை ஆயுள் எத்தனை, கதிர்வீச்சு எவ்வளவு கடுமை, எவ்வளவு படிந்திருக்கிறது. துகள் ஒட்டுவதற்குக் காரணமாகச் சமணர் சொல்வது சினம், செருக்கு, மாயம், பேராசை. இந்த நான்குக்கும் அவர்கள் வைத்த பொதுப்பெயர் கஷாயம், அதாவது துவர்ப்பு. துவர்ச்சாறு துணியில் சாயத்தைப் பிடித்து வைப்பதுபோல இவை வினையை உயிரில் பிடித்து வைக்கின்றன என்று விளக்குவார்கள். கடுக்காயும் ஆவாரம் பட்டையும் ஊறிய தண்ணீரும் துவர்ப்புதான். தோல் ஷாப்பின் தொட்டியும் சமண முனிவரின் மனோதத்துவமும் ஒரே சொல்லில் வந்து நிற்கின்றன.

இவ்வளவு பொருந்தியும் ஓர் இடத்தில் சமணர் கணக்கு உடைகிறது. உடைகிற இடம் சின்னதல்ல. வினைத்துகள் செய்தவனைத்தான் ஒட்டும் என்றார்கள். ஒருவன் வினையை இன்னொருவன் அனுபவிக்க வழியே இல்லை. சமணத்தில் மட்டுமல்ல, வினைக் கொள்கையை ஏற்ற பல சமயங்களிலும் அறத்தின் அடித்தளமே அதுதான். பலன் தேடி வரும் என்ற பயம்தான் கையைக் கட்டிப்போடும். சீசியத்துக்கு முகவரி தெரியாது. உலையை வடிவமைத்தவரை விட்டுவிட்டுப் பெலாரஸின் பால்காரி மகளிடம் போகும். ஷூ போட்டவருக்கும் டிரம் உருட்டிய முதலாளிக்கும் ஒன்றும் ஆகாது. கிணற்றுக்காரர் பயிர் கருகும்.

2015 ஜனவரி 31 விடியுமுன் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சகதித் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் சகதியில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து கூலிக்கு வந்தவர்கள். அணு உலைக்காரர்கள் ‘கூடு உடைந்தது’ என்று சொல்வார்களே, அதே சங்கதிதான். அந்தச் சகதியை உண்டாக்கிய தோலில் ஒரு ஷூகூட அவர்கள் போட்டிருக்க மாட்டார்கள். ‘அவர்கள் முற்பிறவியில் செய்தது’ என்று யாராவது சொன்னால், அதுவும் ஒரு கழிவைக் கொட்டும் வேலைதான்: பொறுப்பை ஆள் தெரியாத பிறவிக்குள் தள்ளிவிடுவது.

கெடுத்தவரே கொடுக்க வேண்டும் என்ற 1996 விதி இந்த இடத்தில்தான் சமய வரலாற்றோடு பேசுகிறது. இயற்கை செய்யாததைச் சட்டம் செய்யப் பார்க்கிறது. தானாகத் திரும்பி வராத வினையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து செய்தவர் வாசலில் விடுகிறது. நீதிமன்றச் சொல்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001 மார்ச்சில் 29,193 பேருக்கு சுமார் 26.82 கோடி ரூபாய் தரச் சொன்னது. சராசரியாக ஆளுக்குப் பத்தாயிரத்தை எட்டாது. அதற்குப் பிறகும் வழக்கு இழுபறியாகி, 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டது. சேதம் சரியாகும்வரை கெடுத்தவரின் பொறுப்பு தீராது என்று அப்போது சொல்லியிருக்கிறது. இந்த வரியைச் சமண முனிவர் எவரும் தயங்காமல் ஒப்புக்கொள்வார்: உதிர்ப்பு முடியும்வரை கட்டு உண்டு.

கழுவுவது தீர்வு என்ற நம்பிக்கையை ஜப்பான் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது. ஃபுகுஷிமாவில் கூரைகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள், வயல்களின் மேல்மண்ணைச் சுரண்டினார்கள். சீசியம் களிமண்ணை இறுகப் பற்றும்; மண்ணை அள்ளினால்தான் அதுவும் வரும். அப்படிச் சுரண்டிச் சேர்ந்தது சுமார் 1.4 கோடி கன மீட்டர். வீடுகள் சுத்தமாயின, ஒகுமாவிலும் ஃபுதாபாவிலும் மண் மலையாக நிற்கிறது. 2045 மார்ச்சுக்குள் அதை வேறு மாகாணத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். கழுவிய தண்ணீர் எங்கே போகும் என்று ஆம்பூரில் கேட்காமல் விட்ட கேள்விதான் அங்கே மண்ணாகக் குவிந்து நிற்கிறது.

நம் ஊர்ச் சட்டம் எத்தனை நாள் கணக்கு வைத்தது? அணு விபத்து இழப்பீட்டுக்காக நாடாளுமன்றம் 2010இல் இயற்றிய சட்டத்தில், நிலையத்தை நடத்துபவரின் பொறுப்புக்கு உச்சவரம்பு 1,500 கோடி ரூபாயாக இருந்தது. உடலுக்கு நேர்ந்த கேட்டுக்கு 20 ஆண்டுக்குள் கேட்க வேண்டியிருந்தது, சொத்துக்கு நேர்ந்ததற்குப் பத்து ஆண்டுக்குள். நிலமும் கிணறும் சொத்துக் கணக்கில் வந்தன. சீசியம்-137இன் அரை ஆயுள் 30 ஆண்டு. பத்தாம் ஆண்டு முடியும் அன்று, வயலில் படிந்ததில் ஐந்தில் நான்கு பங்கு சிதையாமல் அங்கேயே இருக்கும்.